அத்தை வாரம், அம்மா வாரம்

பக்கத்து வீட்டுக்காரியின் மகள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டே இட்லி தின்பாள். அவளும் என் மகளும் ஒரே பள்ளிக்கூடம், அப்போது இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பு. என் மகளை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் சுவரைப் பிடிப்பாள். மாடியில் துணி காயப்போட என்னோடு வந்தாளென்றால் பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, தூக்கு" என்பாள். வாய் நிறைய இட்லியோடு கொக்கு மாதிரி நிற்கிற அந்தப் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். போயும் போயும் ஒரு குழந்தையைப் பார்த்தா பொறாமை என்று கேட்காதீர்கள். பட்டேன்.

இருங்காட்டுக்கோட்டையில் நாங்கள் அடுத்தடுத்த வாடகை வீட்டில் இருக்கிறோம். இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனியில், கார் பாகங்கள் பூட்டுகிற லைனில் வேலை. என் வீட்டுக்காரர் டிரெய்லர் ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். அவளுடையவர் வெளிநாட்டில். பிள்ளைகளை யார் பார்ப்பது? இந்தப் பக்கத்துப் பெண்கள் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். சூப்பர்வைசரிடம் கெஞ்சி எதிரெதிர் ஷிஃப்ட் வாங்கினோம். ஒருத்திக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் மற்றவளுக்கு செகண்ட். வாரா வாரம் மாறும். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்காரி மதியத்துக்கு மேல் வீட்டில் இருப்பாள் என்பதால், சாயங்காலம் இரண்டு பிள்ளைகளும் அவள் பொறுப்பு. ஆக, அவளை அத்தை என்று கூப்பிடுகிற என் மகளுக்கு ஒரு வாரம் அம்மா வாரம், மறு வாரம் அத்தை வாரம்.

அம்மா வாரத்தில் கை கால் கழுவி, பால் குடித்து, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம். வெளியே விடமாட்டேன். டிரெய்லர் ஓட்டுகிறவரின் பெண்டாட்டி நான். அந்த வண்டியின் பக்கத்தில் ஒரு குழந்தை நின்றால் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அத்தை வாரத்தில் கதையே வேறு. எங்கள் காம்பவுண்டுக்குப் பின்னால், ஏதோ கம்பெனிக்காக வளைத்துப் போட்டு இன்னும் கட்டாமல் கிடக்கிற காலி மனை ஒன்று உண்டு. கருவேல முள்ளையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு, பிள்ளைகளோடு அவளும் ஓடுவாள். நைட்டிக்கு மேல் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடுவாள்! அன்றைக்குப் பூராவும் லைனில் நின்றுவிட்டு வந்தவள். எனக்கானால் அந்த நேரத்துக்குக் கால் வீங்கிச் செருப்புகூட நுழையாது.

ஒன்றாம் வகுப்பு விளையாட்டு விழா அன்று அவளுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், நான்தான் போனேன். அவள் மகள் முதலாவது. என் மகள் கடைசி, அதுவும் பாதி வழியில் நின்று என்னைத் தேடிப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் மகளுக்காக நான் கை தட்ட வேண்டியதாயிற்று. மதியம் ஷிஃப்ட் மாறும்போது அவளிடம் சொல்லவும் வேண்டியிருந்தது.

"உன் பொண்ணு ஃபர்ஸ்ட்டு."

"உன்து இன்னாச்சுக்கா?"

"ஓடினா."

"வுடுக்கா. கொயந்ததான. ஓட ஓட வரும்."

ஆறுதல் சொல்கிறாளாம் எனக்கு!

ஆனால் அவள் சொன்னபடிதான் வந்தது. இரண்டாம் வகுப்பில் என் மகளுக்கு நொண்டி ஆட வந்தது. மூன்றாம் வகுப்பில் ஸ்கிப்பிங் கயிறு காலில் சிக்காமல் சுற்றியது. நடுவில் ஒரு காய்ச்சல் வந்து உடம்பைப் பிழிந்து போட்டுவிட்டது. அத்தையும் அவளும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். படியில் "தூக்கு" என்பது எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. ஒருநாள் பார்த்தால் ஈரத்துணி பக்கெட்டை அவளே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகிறாள். நான்தான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினேன்.

நான்காம் வகுப்பில் ஒருநாள் எண்ணெய் தேய்த்துவிடும்போது கெண்டைக்கால் கைக்குக் கெட்டியாகப் பட்டது. பெற்றவளுக்குச் சந்தோஷம் வரவேண்டாமா? இது என் வாரத்தில் வந்த கால் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. பால் காய்ச்சியது நான், முட்டை அவித்தது நான். பேர் மட்டும் அவளுக்கு. மகளின் பேச்சும் அந்தப் பக்கம் போய்விட்டது. "வூட்டுக்குப் போலாம்மா" என்பாள். "வீடுன்னு சொல்லுடி" என்று அதட்டினால், "அத்தை வூடுன்னுதான் சொல்லும்" என்பாள்.

அந்த வருட விழாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரிதான் போயிருந்தாள். யாரோ எடுத்த வீடியோவை எனக்கு அனுப்பியிருந்தாள். ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது கம்பெனி பஸ்ஸில் வைத்துப் பார்த்தேன். என் மகள் கூட்டத்தில் நடுவாக வந்தாள். வந்தவள் கோட்டில் நிற்கவில்லை. நேரே ஓடிப்போய் அத்தை மேல் விழுந்தாள். அவள் அப்படியே அள்ளித் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். புண்ணைச் சொறிகிற மாதிரி, இறங்குகிறவரைக்கும் திரும்பத் திரும்ப அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்றது நான், கட்டிக்கொள்வது அவளையா?

இந்த வருடம் ஐந்தாம் வகுப்பு. இந்தப் பள்ளிக்கூடத்தில் இதுதான் கடைசி விழா. தேதி சொன்னதும் ஷிஃப்ட் பார்த்தேன், அவளுக்கு ஃபர்ஸ்ட். அப்பாடா என்றிருந்தது. இந்த ஒரு தடவையாவது என் பிள்ளை ஓடி வந்து என்னைக் கட்டிக்கொள்ளட்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

விழாவன்று விடிகாலையில், பஸ்ஸுக்குப் போகிற வழியில் என் கதவைத் தட்டினாள்.

"யக்கா, கோட்டுக்கு அப்பால போய் நில்லு. பக்கத்துல நிக்காத. மனையில அதுங்க எதிர்க்க நிக்கற என்னப் பாத்துக்கினுதான் ஓடியாரும். கால நல்லா ஊனிக்கோ."

"என் பொண்ணு ஓடறதப் பாக்க எனக்கு நீ சொல்லித்தரணுமா?"

கேட்டேவிட்டேன். கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "அதில்லக்கா" என்று சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பு இன்னும் எரிந்தது.

மைதானத்தில் நான் ஓரமாகத்தான் நின்றேன், கையில் போனோடு. அவள் சொன்னாளே என்று அப்பால் போய் நிற்பேனா? முதல் சுற்றில் என் மகள் எல்லாருக்கும் முன்னால் வந்தாள். என் கண்ணையே நம்ப முடியவில்லை. கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் தலையைத் தூக்கி எதிரே பார்த்தாள். எதிரே யாரும் இல்லை. கால் தளர்ந்துவிட்டது. பக்கத்தில் வந்தவர்கள் தாண்டினார்கள். எப்படியோ ஃபைனலுக்குத் தப்பிப் பிழைத்தாள். நேரே என்னிடம் வந்து கத்தினாள்.

"எங்கம்மா நின்னுக்கினு கீற? அங்க நில்லு!"

போனைப் பைக்குள் போட்டேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோட்டுக்கு அப்பால் போனேன். அத்தனை பேர் பார்க்கையில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்க வெட்கமாக இருந்தது. நின்றேன்.

விசில் ஊதினார்கள். பக்கத்து வீட்டுப் பெண் வழக்கம்போல முதலில் வந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னாலேயே என் மகள். வேறெங்கும் திரும்பாமல் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். வாடி, என்கிட்ட வாடி என் தங்கம் என்று வாய்விட்டே கத்தினேன். கோடு வந்தது, தாண்டினாள், வேகம் குறையவில்லை. முழுப் பாரத்தோடு என் நெஞ்சில் வந்து மோதினாள்.

பொத்தென்று மல்லாக்க விழுந்தேன். என் மேல் அவள். புடவையெல்லாம் மண். சுற்றி எல்லாரும் சிரித்தார்கள், சிரித்தால் சிரிக்கட்டும். வலிக்கவேயில்லை. இரண்டு கையாலும் அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

என் மேல் கிடந்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டு அவள் சொன்னாள்:

"இன்னாம்மா நீ. அத்தை வுழவே வுழாது."