சபராளிக்கு வெள்ளிக்கிழமை லீவு

போன மாதம் தஞ்சாவூர்ப் பக்கம் நான் படித்த கல்லூரிக்குப் போனபோது, ஆய்வக அலமாரியில் எங்கள் பழைய ரோபோ உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அதன் சார்ஜர் ஒயர் அழகாக மடித்து, நடுவில் ரப்பர் பேண்டு போட்டு, மடியில் வைக்கப்பட்டிருந்தது. அந்த மடிப்பு எங்களுடையது அல்ல. நாங்களெல்லாம் ஒயரைப் பந்தாகச் சுருட்டிப் பையில் திணிக்கிற ரகம்.

முதியவர்களோடு பேச ஒரு ரோபோ என்பது எங்கள் நால்வரின் கடைசி வருட ப்ராஜெக்ட். முழங்கால் உயரம், முட்டைக் கண். யார் பேசினாலும் தலையாட்டும். புரியாவிட்டால் "அப்படியா? மேலே சொல்லுங்க" என்னும். பெரும்பாலும் அதற்கு ஒன்றும் புரியாது என்பது எங்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. அதைச் சோதிக்க ஒரு வீடு தேடியபோது, மயிலாடுதுறைக்குக் கிழக்கே கடலோர ஊர் ஒன்றில் ஒரு பெரியவர், "எங்க வீட்ல வைங்கம்மா" என்று தானாகவே முன்வந்தார். மனைவி இறந்துவிட்டார், மகன் துபாயில். மருமகளோடு இருந்தார். அவரும் அரபு நாட்டில் பல காலம் வேலை பார்த்தவர். பிழைக்கக் கடல் தாண்டிப் போனவரை அந்த ஊரில் சபராளி என்பார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, வெள்ளிக்கிழமையைத் தவிர. அன்று மட்டும் ரோபோவிடமிருந்து எங்கள் கணினிக்கு ஒரு தகவலும் வராது. பேட்டரிக் கோளாறு என்று என் தோழி அதைப் பிரித்துப் பிரித்து மாட்டினாள். இடைவெளி இல்லாமல் ஓடினால்தான் மதிப்பெண் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். பொறுக்க முடியாமல் ஒரு வெள்ளிக்கிழமையே போய் நின்றோம். ரோபோ அணைந்து கிடந்தது. ஒயர் மடிக்கப்பட்டு அதன் மடியில் இருந்தது.

"நான்தாம்மா லீவு குடுத்திருக்கேன். வாரத்துல ஒரு நாளாவது விட வேணாமா?" என்றார் பெரியவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது, தோழிக்கு அழுகை. அப்புறம்தான் அவர் தன் கதையைச் சொன்னார். அங்கே ஒரு வயதான அரபியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அவர் வேலையாம். கிழவர் பேசிக்கொண்டே இருப்பார், இவருக்குப் பாதி புரியாது. "ஐவா, ஐவா" என்று ஆமாம் போடுவார். வெள்ளிக்கிழமைகூட லீவு இல்லை. ஊர் திரும்பிய அன்று, தெரிந்தால் கிழவர் அழுது ரகளை செய்வார் என்று, அவர் தூங்கும்போதே அந்த வீட்டார் இவரை விமானத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

"எந்திரிச்சு என்னைத் தேடினாரா, இல்ல வேற ஆளு வந்தா சரின்னு இருந்துட்டாரா? இன்னைக்கு வரைக்கும் தெரியல. அதான் அவரு எடத்துல நான் உக்காந்து பாக்குறேன்."

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குத் தலை சுற்றியது. அரபிக் கிழவரின் இடத்தில் இவர், இவருடைய இடத்தில் ரோபோ. இவர் பேசியது ரோபோவோடு இல்லையா? அப்படியானால் நாங்கள் எதைச் சோதித்துக்கொண்டிருந்தோம்?

ப்ராஜெக்ட் முடிந்து ரோபோவை எடுத்துவரப் போனபோது அவர் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். மருமகள் குரலைத் தாழ்த்தி, "மாமா வர்றதுக்குள்ள எடுத்துட்டுப் போயிடுங்க. பாத்தாங்கன்னா மனசு கஷ்டப்படுவாங்க" என்றார். தோழி தூக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன். "வேணாம்டி, அவர் வரட்டும்" என்றேன்.

வந்தவர் எங்கள் பையைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். ரோபோவுக்கு எதிரே உட்கார்ந்து அரபியில் ஏதோ நீளமாகக் கேட்டார்.

"அப்படியா? மேலே சொல்லுங்க" என்றது ரோபோ.

"நானும் இதேதான் சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்றார். பிறகு அவரே சுவிட்சை அணைத்து, ஒயரைப் பிடுங்கி மடித்து, அதன் மடியில் வைத்தார். எங்கள் ப்ராஜெக்ட் படிவத்தில் அவரிடம் கேட்டு நிரப்ப வேண்டிய கடைசிக் கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. கேட்கவும் பிடிக்கவில்லை, கேட்காமலும் முடியாது.

"தாத்தா, இது உங்களுக்குத் துணையா இருந்துச்சா?"

மடித்த ஒயருக்கு நடுவில் ஒரு ரப்பர் பேண்டு போட்டார். "இல்லன்னு சொன்னா, அந்த அரபிக்கும் நான் ஒண்ணுமில்லன்னு ஆயிடும். ஆமான்னு சொன்னா, சொல்லாம வந்தது பாவமாயிடும். நீயே ஏதாவது போட்டுக்கம்மா."

என்ன போடுவதென்று எங்களுக்கும் தெரியவில்லை. அந்த இடத்தை அப்படியே விட்டோம், மதிப்பெண்ணும் குறைந்தது. அவர் இப்போது இல்லை.

அலமாரி முன்னால் நான் நிற்பதைப் பார்த்து ஆய்வக உதவியாளர், "ஓடுதான்னு மாட்டிப் பாக்கலாங்களா?" என்று ரப்பர் பேண்டில் கை வைத்தார்.

"வேணாங்க. இன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கும்தான்.