கீச்சென்று கத்தும் லேசர்

பள்ளிக்கூடப் பட்டறையில் எல்லோரும் அவளை பிரஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தகடு அழுத்தும் ஆலையில் பத்தொன்பது வருடம் உழைத்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் இங்கே உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். மூன்று மாதம் சோதனைக்காலம். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரே வாரம்தான் பாக்கி.

இரும்பு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அரம் பிடிப்பதையும் துளை போடுவதையும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கம்ப்யூட்டரில் படம் வரைந்து லேசர் இயந்திரத்துக்கு அனுப்புவதுதான் ஆரம்பத்தில் தண்ணி காட்டியது. மவுஸ் ஒரு பக்கம் போகும், அம்புக்குறி இன்னொரு பக்கம் ஓடும். மாணவிகள் சிரித்துச் சிரித்துக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் அதையும் ஒரு கை பார்த்துவிட்டாள்.

பயம் வேறு இடத்தில் இருந்தது. ஆலைச் சத்தம் அவள் காதில் பாதியைத் தின்றுவிட்டது. கனமான குரல் கேட்கும். மற்றதை உதட்டைப் பார்த்து ஒப்பேற்றிவிடுவாள். மெல்லிய கீச்சொலி மட்டும் அறவே விழாது. லேசரின் அலாரமோ, உள்ளே தீப்பிடித்தால் கீச்சென்றுதான் கத்தும். சொன்னால் வேலை போய்விடுமே என்று வீட்டுக்காரரிடம்கூட அவள் மூச்சு விடவில்லை.

அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். இயந்திரத்தைப் பார்க்கமாட்டாள், பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பாள். எல்லா முகமும் சட்டென்று லேசர் பக்கம் திரும்பினால், அது கத்துகிறது என்று அர்த்தம். ஓடிப்போய் நிறுத்திவிடுவாள். "அக்கா பிள்ளைங்க மேல வச்ச கண்ணை எடுக்கிறதே இல்ல" என்று, அவளைவிட இளையவளான டீச்சர் பார்ப்பவர்களிடமெல்லாம் புகழ்வாள். கேட்கும்போதெல்லாம் அக்கா குனிந்து மேசையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, "பத்து நிமிஷம் பாத்துக்கோங்கக்கா" என்று டீச்சர் அலுவலகத்துக்குப் போனாள். லேசர் அக்ரிலிக் பலகை வெட்டிக்கொண்டிருந்தது. மாணவிகள் மறுபக்கம் காதுக்கவசம் போட்டுக்கொண்டு இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல அக்கா முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு முகமும் திரும்பவில்லை. கவசம் போட்ட காதுக்கும் கீச்சொலி எட்டாது என்பது அவள் மண்டைக்கு உறைக்கவே இல்லை.

மூக்குதான் முதலில் சொன்னது. திரும்பினால், இயந்திரத்தின் மூடிக்குள் ஒரு சாண் உயரத்துக்கு நெருப்பு. எப்போது இந்தப் பக்கம் வந்தாளோ, சின்னப்பெண் ஒருத்தி காதுக்கவசத்தைக் கழற்றாமலே அதே மூடியில் முதுகைச் சாய்த்து அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா பிள்ளையை இழுத்து அப்பால் தள்ளி, சிவப்புப் பொத்தானை அறைந்து, தீயணைப்பானை எடுத்து அடித்தாள். நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

டீச்சர் ஓடி வந்து மாணவிகளை வெளியே அனுப்பினாள். "அலாரம் அடிக்கலையாக்கா?"

"அடிச்ச மாதிரி தெரியலம்மா" என்று மென்று விழுங்கினாள்.

"அப்ப அலாரம்தான் போயிருக்கும். டெஸ்ட் பட்டன் இருக்கு, பாத்துடலாம். பின்னால புகை விசிறி இரைச்சல்ல எனக்குக் கேக்காது, நீங்க சொல்லுங்க." டீச்சர் இயந்திரத்தின் பின்னால் போய்க் குனிந்தாள். அவள் முகம் மறைந்துவிட்டது. "இப்ப அடிக்குதாக்கா?" என்று அங்கிருந்தே உரக்கக் கேட்டாள்.

அக்காவின் காதில் எந்தக் கீச்சொலியும் விழவில்லை. இல்லை என்றால் பழி இயந்திரத்தின் மேல் போய்விடும், வேலை தங்கும். ஒருவேளை அது இப்போது கத்திக்கொண்டிருந்தால்? மூடியில் சாய்ந்திருந்த அந்தச் சின்ன முதுகு கண்ணைவிட்டுப் போகவில்லை. நாளைக்கும் அங்கே யாராவது வந்து சாய்வார்கள்.

"எனக்குத் தெரியாதும்மா. அந்தச் சத்தம் எனக்குக் கேக்காது. சேர்ந்த நாள்லேருந்தே கேக்காது."

டீச்சர் மெதுவாக நிமிர்ந்தாள்.

"நான் இன்னும் பட்டனையே அமுக்கலக்கா. சும்மாவே கத்துதான்னுதான் கேட்டேன்."

ஒரு "இல்லை" போதுமாயிருந்திருக்கும். அது பொய்யாகவும் இருந்திருக்காது. அக்கா ஏப்ரனைக் கழற்ற முதுகுப்பக்கம் கையைக் கொண்டுபோனாள். முடிச்சு அவிழவே இல்லை.