அண்ணி வரைந்த எலும்புக்கூட்டு எழுத்து

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஊரில் அப்பா இதைப் பேருந்து நடத்துநரிடம்கூட இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் கல்லூரிக் காலம் என்றதும் எனக்கு நினைவு வருவது அண்ணி வேலை பார்த்த ஸ்டிக்கர் கடைதான். அண்ணன் வீட்டில் தங்கிப் படித்தேன். பாதிப் பாடத்தை அந்தக் கடையின் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துதான் படித்து முடித்தேன்.

அண்ணி சொந்தமாக ஓர் எழுத்து வரைந்து கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார். கால்குலேட்டர் எண்கள்போலக் கட்டை கட்டையாக, வளைவே இல்லாமல். ஓரக்கோடு மட்டும், உள்ளே வெறுமை. சின்ன வயதில் அவர் வீட்டுக்கு எதிரே ஒரு வீடியோ கேம் கடை. காசில்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வாசலில் நின்று, திரையில் ஏறும் புள்ளி எண்களையே பார்ப்பாராம்.

"ஆட்டம் ஒண்ணும் தெரியாது தம்பி. நம்பர் மட்டும் மனப்பாடம்" என்பார்.

பைக் டேங்க், ஆட்டோவின் முதுகு, ஜிம் கண்ணாடி என்று அந்த எழுத்து மெல்ல மெல்லத் தெருவில் இறங்கியது. கடைக்காரருக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"ஏம்மா, எலும்புக்கூடு மாதிரி இருக்கு. சதை எங்க?"

"அதான் நீங்க வச்சிருக்கீங்களே சார், போதாதா?"

எங்கள் கல்லூரி வாலிபால் அணி, எட்டுச் சட்டைகளுக்கு அந்த எண்களையே கேட்டது. "இதுல சொதப்புனா, அந்த எழுத்த கம்ப்யூட்டர்லேர்ந்தே தூக்கிடுவேன்" என்றார் கடைக்காரர்.

சட்டைக்கான ஷீட்டில் எண்ணைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். சூடுவைத்து அழுத்தியதும் நேராக விழும். வண்டி ஸ்டிக்கருக்கு அது வேண்டாம். காலையிலிருந்து வண்டி வேலையே பார்த்த அண்ணியின் கை, ஒன்று முதல் எட்டு வரை எல்லாவற்றையும் நேராகவே வெட்டிவிட்டது. முதலில் எட்டை அழுத்தினார், சரி. அடுத்து ஒன்று, அதுவும் சரி. இரண்டை அழுத்தித் தாளை உரித்தார். சட்டையில் ஐந்து!

"ஐயோ, மாத்தாம வெட்டிட்டேன்."

மிச்ச ஷீட்டில் நாலு எண்ணுக்குத்தான் இடம். சாயங்காலம் ஆட்டம். "மொத்த எட்டும் போச்சா?" என்று கடைக்காரர் எழுந்தே விட்டார்.

அண்ணி வெட்டிய ஐந்தை எடுத்து இன்னொரு சட்டையில் அழுத்தினார். இரண்டு விழுந்தது.

"நாலு நம்பர்தான் சார் போச்சு. ஒண்ணும் எட்டும் எப்படித் திருப்புனாலும் அதேதான். ரெண்டும் அஞ்சும் இடம் மாறிக்கிச்சு. வேற எழுத்துன்னா ரெண்டும் அஞ்சும்கூடக் குப்பைதான். ஷீட்டும் பத்தாது."

மூன்று, நான்கு, ஆறு, ஏழு ஆகியவற்றை மாற்றி வெட்டி ஒட்டினார். கடைக்காரர் சட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"எலும்புக்கூட்டுக்கு ஆயுசு கெட்டிதான்" என்றார்.

அணி அன்று தோற்றது. எழுத்து கம்ப்யூட்டரிலேயே தங்கியது. நான் பட்டம் வாங்கியபோது என் பெயரையும் படிப்பையும் அதில்தான் வெட்டித் தந்தார் அண்ணி. ஊர் வீட்டுக் கதவில் ஒட்டினேன். எழுத்துக்குள்ளே பழைய கதவின் பச்சை தெரிந்தது. அப்பா ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நல்லாத்தான் இருக்கு. உள்ள எப்ப கலர் அடிப்பாங்க?"