சைக்கிள் விளக்கு செய்தவன் பட்ட பாடு

எந்தத் தொழிலிலும் குறை பகலில் தெரியும். சைக்கிள் விளக்கு செய்கிறவனின் குறை மட்டும் இருட்டின பிறகுதான் தெரியும், அதுவும் வாங்கினவன் பள்ளத்தில் விழுந்து எழுந்த பிறகு. கைத்தொழில் செய்து வாடிக்கைக்காரர் வாயில் அகப்பட்ட அன்பர்களே, இது உங்களுக்காக எழுதுவது. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

காஞ்சீபுரத்தில் அப்போதுதான் சைக்கிள் பெருகத் தொடங்கியிருந்தது. இருட்டின பிறகு விளக்கில்லாமல் வரும் சைக்கிளைப் போலீஸ்காரர் பிடித்துக்கொள்வார். பட்டணத்தில் விற்ற சீமை விளக்கையோ மிராசுதார்கள்தான் வாங்க முடியும். நான் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. தறிக்குழியில் காலை இறக்கினால் எனக்குத் தூக்கம் வந்துவிடும். ஒருநாள் கூறைப்புடவைப் பாவின்மேலேயே தூங்கி விழுந்து, கொத்தாக இழைகளை அறுத்துவிட்டேன். வீட்டில் எழுந்த கூச்சலுக்குப் பிறகு, ராஜவீதி ஓரமாக ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, காலி சிகரெட் டின்களையும் உடைந்த சிம்னிக் கண்ணாடிகளையும் வைத்துக்கொண்டு சைக்கிள் விளக்கு செய்ய உட்கார்ந்தேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா என்னைத் தடுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். என் விளக்கை எடுத்துப்போன யாராவது ஒருவன், திட்டுவதற்காக இல்லாமல், 'இன்னொரு விளக்கு வேண்டும்' என்று கேட்டுத் திரும்பி வரவேண்டும். பங்குனி உத்திரத் திருவிழாக் கொடி இறங்குவதற்குள் அப்படி ஒருவனும் வராவிட்டால், நான் வாயைத் திறக்காமல் தறிக்குழிக்குத் திரும்பிவிட வேண்டும். "ஊரே வர வேணாம்டா, ஒரே ஒரு ஆளு வரட்டும்" என்றார். ஒரே ஆள்தானே என்று அன்றைக்கு நானும் சிரித்தேன்.

பட்டுத் திரி

முதல் விளக்கை வாங்கினவர் தந்திச் சேவகர் முனுசாமி. வேளை கெட்ட வேளையில் ஊரெல்லாம் சைக்கிளில் சுற்றுகிறவர். என் விளக்கு அவர் மூலமாகத் தெருத் தெருவாகப் பிரபலமாகும் என்று கணக்குப் போட்டேன். திரிக்கு என்ன போடுவது? வீட்டிலே பட்டுக் கழிவு நூல் மூலைக்கு மூலை கிடக்கிறது. ஊருக்கே பேர் வாங்கிக் கொடுத்த பட்டு ஒரு விளக்குக்கு வெளிச்சம் வாங்கிக் கொடுக்காதா? ஏகாம்பரநாதர் சந்நிதியிலேயே பஞ்சுத் திரிதான் எரிகிறது என்பது என் புத்திக்கு எட்டவில்லை. பட்டை முறுக்கிப் போட்டு, எண்ணெய் ஊற்றி, பெருமையாகக் கொடுத்தனுப்பினேன்.

பட்டு எரியாது, பொசுங்கும். பொசுங்கினால் தலைமயிர் தீய்ந்த நாற்றம் அடிக்கும். முனுசாமி ஒரு வீட்டு வாசலில் போய் மணி அடித்திருக்கிறார். தந்தி என்றாலே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் காலம். கதவைத் திறந்தவர்களுக்கு முதலில் ஆள் தெரிந்தது, அடுத்து அந்த நாற்றம் வந்தது. காகிதத்தைப் பிரிக்காமலே பெண்டுகள் மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரர் வந்து பிரித்துப் படித்தால், மாப்பிள்ளை காலை வண்டியில் வருகிறார் என்ற சேதி! மறுநாள் முனுசாமி என் கொட்டகையில் விளக்கை வைத்துவிட்டுச் சொன்னார்: "தந்தின்னாலே அழுவறாங்கபா. நீ பொணவாடைய வேற சேத்து அனுப்பறியே, நல்லாகீதா?"

கும்பிட்ட கை

பஞ்சுத் திரிக்கு மாறினேன். விளக்கெண்ணெய் ஊற்றினேன். இந்த முறை விளக்கு நிஜமாகவே எரிந்தது. வாங்கினவர் எங்கள் தெருக் கணபதி அண்ணன். நெசவிலும் பக்தியிலும் ஒருநாளும் தவறாதவர். புது விளக்கு, என் கையாலேயே ஏற்றித் தருகிறேன் என்றேன். அவர் சைக்கிளில் ஏறி, ஒரு காலைக் கொட்டகைப் பலகையில் ஊன்றிக்கொண்டார். அந்தி நேரம். நான் விளக்கை ஏற்றி, கண்ணாடியை மூடி, சைக்கிளைப் பின்னாலிருந்து ஒரு தள்ளுத் தள்ளினேன்.

சுடர் நின்று எரிய ஆரம்பித்ததும், அந்தி விளக்கைக் கண்ட எந்தத் தமிழனும் செய்கிற காரியத்தை அண்ணனும் செய்தார். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். கண்ணையும் மூடிக்கொண்டார். சைக்கிள் தன் இஷ்டத்துக்குப் போய், எதிரே வந்த தயிர்க்காரம்மாளின் கூடையில் முட்டியது. தயிரும் அண்ணனும் ஒன்றாகத் தரையில் கிடந்தார்கள். தயிர்க்காரம்மாள் பேசின பேச்சு இங்கே எழுதத் தக்கதல்ல. நான் ஓடிப்போய் அண்ணனைத் தூக்கி, "அண்ணே, ஒரு கையால ஹேண்டில்பாரைப் புடிச்சிக்கினு ஒரு கையால கும்புடக் கூடாதா?" என்று கேட்டேன். தலையில் வழிந்த தயிரைத் துடைத்துக்கொண்டே என்னை முறைத்தார். "ஒத்தக் கையில வச்சா அது சலாம்பா. வெளக்குல இருக்கறது மகாலட்சுமியா, கலெக்டரா?"

பூண்டு

எண்ணெய்த் திரி இருந்தால்தானே கும்பிடத் தோன்றும்? கார்பைடுக்கு மாறினேன். டப்பாவின் கீழ்த்தட்டில் கார்பைடுக் கல், மேல்தட்டில் தண்ணீர். தண்ணீர் சொட்டச் சொட்டக் கல்லிலிருந்து வாயு கிளம்பும். அதைக் கொளுத்தினால் வெள்ளை வெளேரென்று வெளிச்சம். ஒரே ஒரு சங்கடம், அந்த வாயுவுக்கு நசுக்கின பூண்டு வாசனை. எங்கள் வீட்டில் பூண்டு போடாத குழம்பே கிடையாது. ஆகையால் எனக்கு அது ஒரு வாசனையாகவே படவில்லை.

அந்த விளக்கை வாங்கிப்போனவர் சின்னக் காஞ்சீபுரத்துக் கணக்கு வாத்தியார் ஆராவமுதன். பெரிய காஞ்சீபுரத்தில் மாலையில் டியூஷன் முடித்துவிட்டு, கோயில் மதிலோரமாக இருக்கும் தம் அகத்துக்கு இருட்டில் திரும்புகிறவர். அந்தத் தெருவில் வெங்காயத்தின் பேரையே மெதுவாகத்தான் சொல்வார்கள். பூண்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வாத்தியார் வாசலில் இறங்கியதும் மாமியார் மூக்கைச் சுளித்தாள். மாப்பிள்ளை பெரிய காஞ்சீபுரத்து ஓட்டலில் கண்டதைத் தின்றுவிட்டு வருகிறார் என்று முடிவு கட்டிவிட்டாள். விளக்குத்தான் காரணம் என்று அவர் பெருமாள் மேல் ஆணையாகச் சொல்லியும் எடுபடவில்லை. "விளக்கு எங்கேயாவது பூண்டு சாப்பிடுமோ?" என்று கேட்டு, கிணற்றடியில் அவர் தலையோடு குளித்த பிறகுதான் இலை போட்டாளாம். எதிர்வீட்டுக்காரர்கள் வாசல் கதவைச் சாத்திக்கொண்டார்களாம்.

தெருமுனையிலேயே விளக்கை அணைத்துவிட்டு, அங்கிருந்து இருட்டில் தள்ளிக்கொண்டு போங்கள் என்று நான் யோசனை சொன்னேன். அடுத்த வாரம் முழங்காலில் துணிக்கட்டோடு வந்து, விளக்கைப் பலகைமேல் பதனமாக வைத்தார். கோபப்படத் தெரியாத மனுஷர். அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது. "ஓய், வெளிச்சத்துக்கு ஒரு குறையும் சொல்லமாட்டேன். நீர் சொன்னபடி தெருக்கோடியிலேயே அணைச்சுடறேன். ஆனா பள்ளமெல்லாம் எங்க தெருவுலன்னா இருக்கு!"

சூடு

இதற்குள் மாசி பிறந்துவிட்டது. திரும்பி வந்த விளக்குகளை எங்கள் வீட்டுக் கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டேன். நைனா ஒன்றும் கேட்கமாட்டார். தறியிலிருந்து தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்ப்பார், மறுபடி குனிந்துகொள்வார். அந்தப் பார்வைக்குப் பயந்து, ராத்திரி கொட்டகையிலேயே படுக்க ஆரம்பித்தேன்.

அப்போது ஒரு அதிசயம் நடந்தது. ஓரிக்கைத் தருமலிங்கம், ஒரு பட்டுக்கடையில் கணக்கு எழுதுகிறவர், என் எண்ணெய் விளக்கு ஒன்றை எடுத்துப்போயிருந்தார். அவர் சிரித்த முகத்தோடு வந்து, "தம்பி, எங்க வூட்டுப் பையனும் வேலைக்கு வர்றான். அவனுக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும்பா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கொட்டகையைத் திறந்தபடியே போட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று வீட்டுக்கு இழுத்துப்போய் நைனா முன்னால் நிறுத்தினேன். சாட்சியை நேரில் விசாரித்துக்கொள்ளட்டும் என்ற திமிர்.

நைனா இழை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக விசாரித்தார். ஓரிக்கைச் சாலையில் பாலாற்றுக் காற்றுக்கு எந்த விளக்கும் நிற்காது. வழியில் போலீஸ்காரர் மறித்தால் எல்லாரும், "இப்பத்தான் அணைஞ்சுதுங்க" என்பார்கள். போலீஸ்காரர் டின்னைத் தொட்டுப் பார்ப்பார். சுட்டால் நிஜம், போகலாம். குளிர்ந்திருந்தால் பொய், ஸ்டேஷனுக்கு நடக்கவேண்டும். தருமலிங்கம் என்ன செய்திருக்கிறார் என்றால், திரியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஓட்டல் அடுப்பிலிருந்து இரண்டு தணலை எடுத்து டின்னுக்குள் போட்டுக்கொண்டு தினமும் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார். "அப்ப வெளிச்சம்?" என்று கேட்டார் நைனா. தருமலிங்கம் கள்ளங்கபடமில்லாமல் சிரித்தார். "வெளிச்சம் எதுக்குங்க ஐயா? எனக்கு ரோடு தெரியும். போலீஸ்காரர் கைக்குச் சுட்டா போதும்!"

கொடி இறங்கிய நாள்

நைனா அந்த வழக்கை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்: தணல் சட்டி விற்றது விளக்குக் கணக்கில் சேராது. பங்குனி பிறந்தது. கொடி ஏறியது. ஊரே சாமி பார்க்கப் போனது; நான் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திட்டுவதற்குக்கூட யாரும் வரவில்லை. கொடி இறங்குகிற அன்று சாயங்காலம், டின்களையும் கத்தரியையும் ஒரு கோணியில் போட்டுக் கட்டினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். தறிக்குழி என்றால் எனக்கு அப்படி ஒரு பயம். உள்ளே இறங்கிவிட்டால் ஆயுசு பூராவும் அங்கேயேதான் தூங்கி வழிய வேண்டும். அதை நைனா பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், நைனா நிற்கிறார். தறியை விட்டு அந்த நேரத்தில் வெளியே வருகிறவரே அல்ல. என்னைக் கையோடு அழைத்துப்போக வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"முகூர்த்தப் பொடவ ஒண்ணு அவசரம்டா" என்றார், கோணியைப் பார்த்தபடி. "பொழுது பத்தல. கொல்லையில நீ எறிஞ்சதுல ஒரு எண்ணெ வெளக்க எடுத்துத் தறிப் பக்கமா மாட்டினேன். வூட்டுக்குள்ள காத்து ஏது? அது பாட்டுக்கு நின்னு எரியுது. தெறந்த வெளக்குன்னா பட்டு பக்கத்துல கொண்டாரப் பயம். இது டப்பாக்குள்ள அடங்கிக் கெடக்குது. அறுந்த எழை நல்லாத் தெரியுது."

நைனா தம் கையைத் தூக்கிக் காட்டினார்.

"ஒத்தப் பக்கமா மாட்டினா என் கை நெழலே பொடவ மேல விழுது. அந்தப் பக்கத்துக்கும் ஒண்ணு வேணும். கொல்லையில மிச்சம் கெடக்கறதெல்லாம் ஓட்டை. நல்லதா ஒண்ணு செஞ்சு குடு."

கோயில் பக்கம் மேளம் கேட்டது. கொடி இன்னும் இறங்கவில்லை. "நைனா, திரும்பி வந்து ரெண்டாவது வெளக்கு கேக்கற மொத ஆளு நீதான்" என்றேன்.

நைனா கோபுரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்ததா, வரப்பார்த்ததை அடக்கினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கோணி முடிச்சைத் தம் கையாலேயே அவிழ்த்துவிட்டு, "நா எங்கடா கேட்டேன்? தறி கேக்குது" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் தறிக்கு இரண்டாக என் விளக்குகள் எரிந்தன என்றாலும், சைக்கிள் வாங்கினவர்கள் மட்டும் கடைசிவரை என் கொட்டகைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.