ராணியை மடியில் வைத்துக்கொண்டு திண்டுக்கல்லுக்கு

1998 புரட்டாசி, நவராத்திரியின் நான்காம் நாள். காலை ஏழு மணிக்குத் திருச்சியில் பஸ் ஏறினேன். திண்டுக்கல் நூறு கிலோமீட்டர், டிக்கெட் பத்தொன்பது ரூபாய். மடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் பழைய புடவையில் சுற்றிய ஒரு மண் ராணி.

அம்மா போனபின் அவளுடைய கொலு பொம்மைகளை அக்கா கமலாவும் நானும் பங்கு போட்டோம். ராஜா அவளுக்கு, ராணி எனக்கு. ஜோடியை இப்படிப் பிரித்த புத்திசாலி யார் என்று தெரியவில்லை, நானாகவும் இருக்கலாம். எட்டு வருடமாக ராணிக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் பொம்மையை நிறுத்தி ஒப்பேற்றி வந்தேன். அக்காவோ ஒவ்வொரு புரட்டாசியிலும் "இந்த வருஷம் கொலு சின்னதுதான், நீ அலையாதே" என்று எழுதிவிடுவாள். கூடப் பிறந்தவளைக் கொலுவுக்குக் கூப்பிடாமல் இருப்பார்களா? என்மேல் என்ன கோபம்? யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம். இந்த முறை ராணியைப் படியில் ஏற்றாமல், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். ராணியை அவளிடமே கொடுத்துவிட்டு நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு.

மணப்பாறையில் கூட்டம் ஏறியது. "பைய மேல வைங்கம்மா" என்றார் கண்டக்டர்.

"உள்ளே ராணி இருக்கா, உடைஞ்சிடும்."

"அப்ப அவுகளுக்கு டிக்கெட்டு?" என்று சிரிக்காமல் கேட்டுவிட்டு நகர்ந்தார்.

9.45. திண்டுக்கல். ஒரு மலைக்கோட்டையில் கிளம்பி இன்னொன்றில் இறங்கியிருந்தேன். இங்கே உச்சியில் பிள்ளையார்தான் இல்லை. ஆட்டோக்காரரிடம் மேட்டுப்பட்டி, கொலு வைத்திருக்கும் வீடு என்றேன்.

"கமலாம்மா வீடா? தாடிக்கொம்பு கோயிலையே அட்டையில செஞ்சு வச்சிருக்காகளே. எங்க வீட்டுல நேத்தே போய்ப் பாத்துட்டு வந்துட்டாக. அம்புட்டு அழகாம்."

சின்னக் கொலு என்றாளே! எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கதவு திறந்தே இருந்தது. ஒன்பது படி. கீழே சிமெண்டுப் பையைக் கசக்கி உருவாக்கிய கோட்டை மலை, அதன்மேல் பீரங்கிகள். வலப்பக்கம் தாடிக்கொம்பு மண்டபம். தூணுக்குத் தூண் ரதி, மன்மதன், விழி பிதுங்கும் வீரபத்திரர். மூன்றாம் படியில் நாயக்கர் தர்பார்: மந்திரிகள், நாட்டியக்காரிகள், நடுவில் ராஜா.

அம்மாவின் ராஜா மீசையை முறுக்கிக்கொண்டு சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பார். இவருக்குத் தாடி. நின்றுகொண்டு, இரண்டு கையிலும் ஒரு சின்னப் பெட்டியை ஏந்தித் தலை குனிந்திருந்தார். தன் சபையில் தானே யாருக்குக் கப்பம் கட்டுகிறார்?

அடுப்படியிலிருந்து வந்த அக்காவுக்கு என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"இது யாருக்கா?"

"அம்மாவோட ராஜாதான். பெயிண்ட் அடிச்சேன்."

"பெயிண்ட் அடிச்சா உக்காந்தவர் எழுந்துப்பாரா?"

கை நீட்டினேன். "தொடாதே. படியில ஏத்தின பொம்மையை விஜயதசமி வரைக்கும் அசைக்கக் கூடாது" என்றாள். முறை எனக்கும் தெரியும். அதனால்தான் அவளாலும் அவரை ஒளித்துவைக்க முடியவில்லை.

"அம்மாவோட ராஜாவை வித்துட்டியா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. அக்கா திரும்பி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டு லூர்து டீச்சர் கையகல மாலையோடு வந்தார். "கமலாக்கா, எங்க ராசாவுக்குக் கனகாம்பரம் கட்டியாந்தேன்."

"எங்க ராசாவா?" என்றேன்.

"எங்க கிறிஸ்துமஸ் குடில்ல நிக்கிற மூணு ராசாவுல ஒருத்தர்மா. கையில வச்சிருக்கது கொழந்த ஏசுவுக்குச் சாம்பிராணி. டிசம்பர்ல வாங்கிக்கிட்டுப் புரட்டாசியில குடுத்துருவேன்."

அதன்பிறகு அக்காவால் மறைக்க முடியவில்லை. பங்கு போட்ட அதே வருடம், இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது லாரியிலேயே ராஜா சுக்குநூறாகிவிட்டார். வாசலில் உட்கார்ந்து அழுதவளுக்கு லூர்து டீச்சர் தம் ராஜாவைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்.

"அம்மா பொம்மையை உடைச்சிட்டேன்னு உனக்கு எந்த முகத்தோட எழுதுவேன்? நீ வந்தா தெரிஞ்சிடும்" என்று அழுதாள் அக்கா.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒரு மண் பொம்மைக்காகத் திட்டுவேன் என்று எட்டு வருடம் பயந்திருக்கிறாள். பொய்யில்லை, திட்டத்தான் செய்திருப்பேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

ராணியை எடுத்து அந்த ராஜா பக்கத்தில் வைத்தோம். அவர் முழங்கை உயரம்தான் இருந்தாள். குனிந்து அவளிடம் பெட்டியை நீட்டுகிறார் என்றே இப்போது தோன்றியது.

மாலை நான்கு மணி. கிளம்பும்போது எனக்குப் புதுக் கவலை. "டிசம்பர்ல ராஜா போயிட்டா, ராணி தனியா என்ன பண்ணுவா?"

"ஏன் தனியா? அவளையும் குடிலுக்கு அனுப்புங்க. கொழந்தயப் பாக்க ராணி வரக்கூடாதுன்னு எங்கயும் எழுதல" என்றார் லூர்து டீச்சர்.

பஸ் நிலையம் வரை வந்த அக்கா சுண்டல் டப்பாவை என் கையில் திணித்தாள். "டிசம்பர்ல குடில் பாக்க வந்துடுடி" என்றாள். எட்டு வருடம் கொலுவுக்குக் கூப்பிடாதவள், முதல்முறையாக என்னைக் கூப்பிட்டது அதற்குத்தான்.

வீட்டில் போலீஸ்காரர் மட்டும் இப்போது தனியாக நிற்கிறார். அவரையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்றுதான் குழப்பமாக இருக்கிறது.