சவுரியம்மாள் கத்தி வாங்குகிறாள்

கத்தியைக் காதோரம் வைத்து மடக்கினாள். திறந்தாள். மறுபடி மடக்கினாள். கண் மூடியிருந்தது.

"சவுரிம்மா, அது கடியாரம் இல்ல, கத்தி," என்றார் கடைக்காரர் ஜியாவுல்லா.

"சும்மா இரு பாய். வில்லு இன்னாமோ சொல்லுது."

மடக்குக் கத்தியின் முதுகுக்குள் ஒரு எஃகுப் பட்டை இருக்கிறது. அலகு திறந்தால் திறந்தபடி நிற்பதும், மூடினால் மூடியபடி கிடப்பதும் அதன் பிடியில்தான். சவுரியம்மாள் அதை வில்லு என்கிறாள். நல்ல வில்லு திறக்கும்போது இரண்டு தடவை பேச வேண்டுமாம். பாதியில் ஒரு தடவை, முழுக்கத் திறந்ததும் ஒரு தடவை. இரண்டாவது பேச்சு கேட்காவிட்டால் கத்தி ஜியாவுல்லாவின் கோணிக்கே திரும்பிவிடும்.

"பாதி வரைக்கும் பேசிட்டு ஊமையாப் போயிட்ச்சி. நடுவுல வுட்டுட்டுப் போற ஆளு இது."

ஆம்பூர்ச் சந்தையில் ஜியாவுல்லா கோணி விரித்து, பூட்டும் கத்தரியும் பாக்குவெட்டியும் மடக்குக் கத்தியும் விற்கிறார். சில மாதமாகச் சவுரியம்மாள் சந்தைக்குச் சந்தை வந்து அவர் முன்னால் குந்துகிறாள். வாங்குவதில்லை. ஒரு கத்தியை எடுத்து வானத்துக்கு நேரே பிடித்து, அலகுக்கும் பிடிக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கிறாள். வெளிச்சம் நுழைகிற இடத்தில் பட்டைத்தூளும் நுழையும். இன்னொன்றைத் திறந்து, அலகின் முதுகைக் கடைப்பலகையில் ஊன்றி, உடம்பின் பாரத்தை எல்லாம் அதன்மேல் இறக்குகிறாள். பலகை முனகுகிறது. ஜியாவுல்லாவும் முனகுகிறார். பிறகு மடியிலிருந்து பச்சை ஆவாரங்குச்சி ஒன்றை எடுத்துச் சீவி, சாறு அலகில் படியவிட்டுக் காத்திருக்கிறாள். அலகு கறுத்தால் நல்ல எஃகு. சீமையிலிருந்து புதிதாக வந்திருக்கும் துருப்பிடிக்காத கத்தி ஒன்று கறுக்கவே இல்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வெயில்ல வேலை செஞ்சும் வேர்க்காத ஆளு மாதிரி இருக்குது. வோணாம்."

வேறொன்றில் திருகுமுறுக்காக ஒரு கம்பி இருந்தது. "இது இன்னாத்துக்கு?"

"சீமையில புட்டி மூடி கழட்டறதுக்கு."

"நம்ப ஊர்ல கள்ளு மொந்தையில இல்ல இருக்குது? அதுக்கு இன்னாத்தக் கழட்டறது?"

அவள் ஆவாரம்பட்டை உரிக்கிறவள். பட்டை இல்லாமல் இந்தப் பக்கத்துத் தோல் ஷாப்புகளில் ஒரு ஆட்டுத்தோல்கூடப் பதமாகாது. மழை விட்டு ஈரம் ஊறியதும் பெண்கள் கூட்டமாகக் கரட்டுக் குன்றில் ஏறி, ஆவாரங்கிளைகளை வெட்டி, கத்தியால் நீளக் கீறிப் பட்டையை இழுத்தெடுப்பார்கள். சவுரியம்மாளுக்கு நாற்பது தாண்டியிருக்கும். குள்ளம். முழங்கை வரை சாற்றின் பழுப்பு ஏறிய கைகள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகும்போது சேலை வெள்ளை வெளேரென்று இருக்கும். கைகள் மட்டும் வேலைநாளிலேயே இருக்கும்.

யாரையும் எதுவும் கேட்பதில்லை என்பது அவள் வழக்கம். உரித்த பட்டையைக் கட்டாகக் கட்டித் தலையில் ஏற்ற இன்னொருத்தி உதவ வேண்டும். மற்றப் பெண்கள் "ஒரு கை புடிடி" என்பார்கள். இவள் கட்டை ஏதாவது ஒரு பாறை வரை உருட்டிக்கொண்டு போய், முழங்காலால் முட்டி மேலே ஏற்றி, அதன் கீழே மண்டியிட்டுத் தலையைக் கொடுத்து எழுந்திருப்பாள். அதற்குள் மற்றவர்கள் பாதி இறக்கம் போயிருப்பார்கள். அவள் புருஷன் சாமுவேல் ரயில் பாதையில் வேலை பார்க்கிறவர். "உப்பு டப்பாவ நான் ஒளிச்சி வச்சாலும் எங்கன்னு கேக்க மாட்டா. உப்பு இல்லாமலே ஆக்கிப் போடுவா. நானும் துண்ணுட்டுப் போவணும்," என்பார்.

மனிதர்களையும் அவள் கத்திக்கணக்கில்தான் பேசுகிறாள். கூட்டத்தின் மேஸ்திரி பரந்தாமன் "இறுக்கம் ஜாஸ்தி, கூர் கம்மி." சாமுவேலைப் பற்றிக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பாள். "ரெண்டு தடவ பேசும். பரவால்ல."

இவர்கள் கூட்டத்தில் மடக்காத கத்திக்கு இடமில்லை. கரட்டில் ஏறி இறங்கும்போது கத்தி இடுப்புச் செருகலில்தான் இருக்கும். தாயாரம்மாள் என்பவள் ஒருமுறை சரளைக்கல்லில் சறுக்கி விழுந்தாள். இடுப்பிலிருந்த திறந்த கத்தி வயிற்றில் இறங்கியது. பிழைத்தாள். ஆனால் அன்றைக்குப் பிறகு ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குப் போகும்போது எல்லாரும் கத்தியை மடக்க வேண்டும் என்று பரந்தாமன் கட்டளை போட்டுவிட்டான். மேட்டுக்கு மேடு மடக்கு, மேட்டுக்கு மேடு திற.

போன வருஷம் அவளுடைய பழைய கத்தியின் வில்லு தளர்ந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. பதமாக்காத பச்சை ஆட்டுத்தோலில் ஒரு வார் நறுக்கி, வளையமாகத் தைத்து, ஈரத்தோடு கத்திப்பிடியில் மாட்டிக் காயவிட்டாள். பச்சைத்தோல் காய்ந்தால் இரும்புப் பூண் போல இறுகும். அலகைத் திறந்து வளையத்தை மேலே தள்ளிவிட்டால் கத்தி மடங்க வழியில்லை. நல்ல யோசனைதான். கையை மட்டும் மறந்துவிட்டாள். நாள் முழுக்க ஆவாரஞ்சாற்றில் நனைகிற கை. தோலைப் பதமாக்குவதும் அதே சாறுதான். சில வாரங்களில் அந்த வளையம் அவள் உள்ளங்கைக்குள்ளேயே பதமாகி, செருப்பு வார் போல இளகிப்போயிற்று. ஒரு மத்தியானம் கத்தி அவள் ஆள்காட்டி விரல்மேல் மடங்கியது.

பக்கத்து வரிசையில் வெட்டிக்கொண்டிருந்த செண்பகம் ஓடிவந்து, தன் முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். சவுரியம்மாள் கேட்கவில்லை. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகத் தனியாகவே ஆம்பூர் ஸ்டேஷனுக்கு நடந்தாள். எந்த வண்டி என்று அங்கேயும் யாரையும் கேட்கவில்லை. வந்து நின்ற வண்டியில் ஏறி, எதிர்த்திசையில் இருக்கும் ஜோலார்பேட்டையில் இறங்கினாள். வேலூர் போய்ச் சேர்ந்தது மறுநாள். காயம் ஆறிற்று. விரல் மடங்குவதில்லை. வலது ஆள்காட்டி விரல் இப்போது எந்நேரமும் எதையோ சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கிறது. பூசையில் கைகூப்பினால் அது மட்டும் தனியே நின்று சாமியாரைக் காட்டுகிறது.

வளையத்தின் கதையை அவளே சொல்லிச் சிரிப்பதுண்டு. "ஷாப்புல தொட்டி கட்டி செய்யறத நான் கையிலயே செஞ்சிட்டேன்." மற்றவர்கள் சொன்னால் சிரிப்பதில்லை. செண்பகம் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டாள். "எங்க யக்கா லைசன்ஸ் இல்லாம உள்ளங்கையில தோல் ஷாப்பு நடத்துறா!" அன்றிலிருந்து சவுரியம்மாள் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். செண்பகம் நிறுத்தவில்லை. நேரே பேசினால் பதில் வராது என்பதால் செடியிடம் பேசுகிறாள். "ஏ ஆவாரஞ்செடி, தண்ணிக் கொடம் வந்துட்ச்சின்னு யக்காகிட்ட சொல்லு." சவுரியம்மாள் செடிக்கும் பதில் சொல்வதில்லை. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வருவாள்.

போன சந்தையன்று பரந்தாமன் அவளிடம் வந்து நின்றான். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை.

"இன்னொரு வாட்டி வெரல வெட்டிக்கினன்னா மலைக்கு வராத, சவுரி. ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டியாண்ட தோல் மயிரு அள்ற வேலை இருக்குது. சொல்லி வாங்கித் தர்றேன்."

அந்த வேலையை அவள் ஒரு மழைக்காலம் பார்த்திருக்கிறாள். சுண்ணாம்பு கையைத் தின்றது, நாற்றம் தலைமயிரில் ஒட்டியது. அதையெல்லாம் அவள் பெரிதாகச் சொல்வதில்லை. "அங்க ஒண்ணுக்குப் போவணும்னாலும் ஒருத்தன்கிட்ட கேட்டுட்டுப் போவணும்," என்பாள்.

மறுநாள் கூட்டம் கரடு ஏறுகிறது. இதுவரை தளர்ந்த பழைய கத்தியோடே ஓட்டியாயிற்று; இன்றைக்குப் புதுக் கத்தி வாங்கியாக வேண்டும். இத்தனை சோதனைக்கும் தப்பி இரண்டு கத்திகள் அவள் முன்னால் கிடந்தன.

ஒன்று மரப்பிடி. இரண்டு தடவை பேசியது, சாற்றில் கறுத்தது. மடங்காத விரலை வைத்துக்கொண்டே எளிதாகத் திறந்தாள். வில்லில் மட்டும் கொஞ்சம் தளர்ச்சி. மற்றொன்று மான்கொம்புப் பிடி. பலகையில் எவ்வளவு அழுத்தினாலும் அசையவில்லை. ஆனால் அதை அவளால் திறக்க முடியவில்லை. அலகில் நகம் மாட்டுவதற்கென்று சின்ன வெட்டு ஒன்று இருக்கிறது. பட்டை உரித்து உரித்து அவள் நகமெல்லாம் சதையோடு தேய்ந்துபோயிருக்கிறது.

பல்லில் கடித்து இழுத்தாள்.

"அல்லா! பல்லு வைக்காதம்மா! அப்பால அத யாருக்கு விப்பேன்?"

"போன சந்தையிலயே வச்சிட்டேன். இப்ப இன்னா புதுசா?"

ஜியாவுல்லா தலையில் கைவைத்தார். "ஒரு சொட்டு எண்ணெய் வுடறேன். இளகிப்பூடும்."

"இளகினா அது இந்தக் கத்தி ஆயிடும்," என்று மரப்பிடியைக் காட்டினாள். காட்ட வேண்டியதில்லை, விரல் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் இருந்தது.

"அப்ப இதையே வாங்கிக்க. கைக்கு லேசா இருக்குது."

"லேசுதான் பாய். மடங்கறதும் லேசு."

"இறுக்கமா இருந்தா தொறக்கலன்ற. தொறந்தா லொடலொடன்ற. உன்னோட பெரிய பேஜாரு!"

வளையல் கடையிலிருந்து செண்பகம் வந்தாள். கை நிறையப் புது வளையல். ஜியாவுல்லா மான்கொம்புக் கத்தியை அவளிடம் நீட்டினார். "நீ தொற பார்ப்போம்."

செண்பகத்தின் கட்டைவிரல் நகம் ஊர் அறிந்தது. கத்தி இல்லாமலே பட்டை கிழிப்பாள். நகத்தை வெட்டில் கொடுத்தாள். பாதியில் ஒரு சத்தம், முடிவில் ஒரு சத்தம். இரண்டும் தெளிவாகக் கேட்டன. சவுரியம்மாள் திரும்பவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

செண்பகம் கோணியில் கிடந்த ஒரு பெரிய பூட்டைப் பார்த்துச் சொன்னாள்: "ஏ பூட்டு, அந்த லொடலொட கத்திய வாங்க வோணாம்னு யக்காகிட்ட சொல்லு. இன்னொரு முந்தானை கிழிக்க என்கிட்ட சேலை இல்ல."

"பாய், பூட்டுக்கு வாய் கெடையாதுன்னு சொல்லு," என்றாள் சவுரியம்மாள்.

"சாவி போட்டா தொறக்கும்னு சொல்லு பாய்," என்றாள் செண்பகம்.

"நடுவுல என்னை வுடுங்கம்மா," என்றார் ஜியாவுல்லா.

செண்பகம் கத்தியை மடக்கிக் கோணியில் வைத்துவிட்டு, வளையல் குலுங்கப் போய்விட்டாள்.

சவுரியம்மாள் மரப்பிடிக் கத்தியை எடுத்துத் திறந்தாள். அலகின் முதுகைப் பலகையில் வைத்தாள். இந்தத் தடவை வேகமில்லாமல், மெல்ல மெல்லப் பாரத்தை ஏற்றினாள். முதலில் தாங்கிற்று. பிறகு அலகு பிடியை நோக்கி மடங்கியது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். எங்கும் படவில்லை.  இடது கையால் அந்த நீட்டிய விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மான்கொம்புக் கத்தியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எப்டி தொறப்ப?" என்றார் ஜியாவுல்லா.

"தானா மூடாதில்ல? அத மட்டும் சொல்லு."

"மூடாது. அதுக்கு நான் பொறுப்பு."

"அவ்ளோதான்." மடியிலிருந்த காசை எண்ணிக் கோணியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் விடிந்ததும் கூட்டம் நாயக்கனேரிப் பக்கத்துக் கரட்டில் ஏறியது. இரவில் தூறியிருந்தது. பட்டை சுலபமாக வந்தது. முதல் மேட்டில் சவுரியம்மாள் கத்தியைப் பல்லால் திறந்தாள். அங்கே வெட்டி முடித்ததும் அலகைத் தொடையில் அழுத்தி மடக்கினாள். இரண்டாவது மேட்டில் பல்லுக்கும் வரவில்லை. கையில் சாறு, பிடி வழுக்கியது. ஒரு பாறை இடுக்கில் கொடுத்து நெம்பிப் பார்த்தாள். மறுபடி பல்லில் கொடுத்தபோது உதட்டில் கீறல் விழுந்தது. மற்றவர்கள் வெட்டத் தொடங்கியிருந்தார்கள். பரந்தாமன் மேலிருந்து பார்த்தான். 

அவள் பக்கத்து வரிசைக்குப் போய் மடக்கிய கத்தியை நீட்டினாள். "இந்தா," என்றாள். எதையோ கொடுக்க வந்தவள் மாதிரி சொன்னாள். முகம் எதிர்மேட்டைப் பார்த்திருந்தது. செண்பகம் வாங்கித் திறந்து கொடுத்தாள். அவளும் செடியிடம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த மேட்டிலும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த மேட்டிலும் நடந்தது.

மத்தியானம் புது மேட்டுக்கு வந்தபோது செண்பகம் கீழே ஊற்றுக்குத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். பெண்கள் வேலையை ஆரம்பித்தார்கள். அங்கே நிழலுக்கு ஒரே ஒரு வேலமரம். சவுரியம்மாள் அதன் கீழே உட்கார்ந்தாள். கத்தி மடங்கியபடி கையில் இருந்தது.

"இன்னா சவுரி, உக்காந்துட்ட?" என்று கேட்டான் பரந்தாமன்.

"அவ வரட்டும்," என்றாள்.

இறக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது. நிழலின் நடுவில் உட்கார்ந்திருந்தவள் சற்று நகர்ந்து ஓரமாக உட்கார்ந்தாள்.