அடியில் போன சீட்டு

உலகத்து நீதிபதிகள் அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, புகார் அத்தையை மறு தட்டில் உட்கார வைத்தால், நீதிபதிகள் கூரையைப் பொத்துக்கொண்டு போய்விடுவார்கள். சொல்ல வந்தது அத்தையின் எடையை அல்ல. அதுவும் கொஞ்சம் உண்டு.

நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் உள்ள அடுக்குமாடி அது. கீழ்த்தளத்துப் பராமரிப்பு அலுவலகத்தில் பதினேழு வருஷமாக அத்தைக்கு ஒரே வேலை. பெட்டியில் விழும் புகார்ச் சீட்டுகளை எடுத்து வரிசைப்படுத்த வேண்டும். குழாய் பார்க்க ஒரே ஆள்தான் என்பதால், அவர் முதலில் எந்த வீட்டுக்குப் போவது என்பதில்தான் எல்லாச் சண்டையும். அத்தை அதை வார்த்தையை வைத்தே முடிவு செய்வார்.

"தொந்தரவுன்னு எழுதினா நாளைக்கும் தாங்குவாங்க" என்பார் குழாய்க்காரரிடம். "தொல்லைன்னா ஒரு வாரமா நடக்குதுன்னு அர்த்தம். இம்சைன்னு எழுதினா அது குழாயே இல்ல, பக்கத்து வீட்டுக்காரன். நீங்க ஸ்பேனர் எடுத்துட்டுப் போய்ப் பிரயோஜனமில்ல."

"இங்க ஒருத்தர் உயிரை வாங்குதுன்னு எழுதியிருக்காரே?"

"அவர் மாசம் ரெண்டு தடவை உயிரை விடுவார். டீ குடிச்சிட்டு மெதுவாப் போங்க."

"இது? குடைச்சல்னு இருக்கு."

"அது முழங்கால் வலிக்காரங்க வார்த்தை. பக்கெட்டைத் தூக்கிட்டு மாடி ஏறிட்டிருப்பாங்க. முதல்ல அங்க ஓடுங்க."

பெரும்பாலும் அத்தை சொன்னதுதான் சரியாக இருக்கும். தப்பாகப் போனது நாலாம் மாடித் தையல்காரி விஷயத்தில்.

'மேலே சிறு தொந்தரவு. ஆள் சும்மா இருந்தால் அனுப்பவும்' என்று அவள் எழுதிப் போட்டாள். சிறு தொந்தரவு. ஆகவே கட்டின் அடியில் போனது. அந்த அலுவலகத்தில் ஆள் சும்மா இருந்ததாகச் சரித்திரமே இல்லை. அடுத்த வாரமும் அதையே எழுதினாள், அதற்கடுத்த வாரமும். மூன்றும் அடிக்கே போயின.

ஒரு புதன்கிழமை நாலாவது சீட்டு வந்தது. 'இம்சை, உபத்திரவம், சித்திரவதை, நரகம்! தினமும் காலை பத்தரைக்கு மேல்வீட்டில் துணி துவைக்கும்போது தையல் மெஷின் மேலேயே கொட்டுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது சட்டை கொடுக்காவிட்டால் ஓட்டல்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.'

அத்தை கட்டின் அடியிலிருந்து பழைய மூன்று சீட்டுகளையும் உருவி மேஜைமேல் வைத்துப் பார்த்தார். பிறகு குழாய்க்காரரைக் கூட்டிக்கொண்டு அவரே மாடி ஏறினார்.

மெஷினுக்கு மேலே பிளாஸ்டிக் விரிப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, அதன் அடியில் முதுகை வளைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள் தையல்காரி. வீட்டில் பிளக் பாயிண்ட் அந்த மூலையில் மட்டும்தான். கட்டில்மேல் பதினோரு வெள்ளைச் சட்டைகள் துருக்கறையோடு கிடந்தன. காலரையும் கையையும் பிரித்து, புதுத்துணி வைத்துத் தைத்தாக வேண்டும்.

மேல்வீட்டுக் கழிவுக் குழாயில் ஒரு மூட்டு விட்டுப்போயிருந்தது. குழாய்க்காரருக்கு முக்கால் மணி நேர வேலை.

"இதைப் போய் யாராவது சிறு தொந்தரவுன்னு எழுதுவாங்களா?" என்றார் அத்தை.

"வேற எப்படி எழுதறது அக்கா? எங்கம்மா போனப்பகூட நான் அவ்வளவு பெரிய வார்த்தை எதுவும் சொல்லல."

அத்தை நாலாவது சீட்டை நீட்டினார். தையல்காரி படித்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"இது நான் எழுதினது இல்லக்கா."

"மத்த மூணையும் அடியில சொருகினது நான்தான். மூணு தடவையும்." அத்தை கட்டிலைப் பார்த்தார். "அந்தப் பதினொண்ணையும் கொடு. ராத்திரிக்குள்ள பிரிச்சுத் தரேன். எனக்குத் தைக்க வராது, பிரிக்க நல்லா வரும்."

அன்று சாயங்காலம் அத்தை வீட்டுச் சாப்பாட்டு மேஜை முழுக்கச் சட்டைகள். எதிரே பிளேடும் கையுமாக அண்ணன் மகள், அதாவது இதை எழுதுகிறவள், உட்கார்ந்திருந்தாள்.

"கஷ்டப்படுறவளுக்கு ஒரு வார்த்தை வர்றதே பெரிசு" என்றார் அத்தை, நூலிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாலு வார்த்தை அடுக்குறவ ராத்திரி நல்லாத் தூங்குறவ."

"யாரைச் சொல்றீங்க அத்தை?"

"நாலாவது சீட்டு எழுதினவளை."

"தையக்கார அக்காதான் எழுதியிருப்பாங்க. கோவத்துல."

"அவ எழுதலன்னுட்டா. பத்தரைக்கு மெஷின் மேல கொட்டுதுன்னு பத்தரைக்கு அங்க உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் தெரியும். எழுத்தும் உன்னோடது. பத்தரைக்கு உனக்குக் கணக்கு கிளாஸ்."

பிளேடு நின்றது.

"எத்தனை நாளா?"

"ஆறு நாள். பித்தான் மட்டும்தான் தைச்சேன்."